ஏடன் ஜெட்டியில் ஒரு சோடிச் செருப்பு

எங்கள் அத்தான் பாஸ்கல் கரையில் இருக்கிறாரா கடலில் இருக்கிறாரா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. படகு கட்டும் இடத்தில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு கிடந்தால் ஆள் தண்ணீரில். கிடக்காவிட்டால் ஆள் கரையில், அநேகமாக யாருடனாவது சண்டையில்.

அவர் என் அக்காள் மரியசெல்வியின் கணவர். பிறந்தது கீழவைப்பாரில். அந்தக் கரையில் செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏறுகிற துணிச்சல் எவனுக்கும் கிடையாது. சோறு போடுகிற இடத்தில் செருப்பா? கரையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். அப்படி வைத்ததை வேறு யாரும் தொடக்கூடாது. வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் அது கிடந்த இடத்தில் கிடக்கும். விட்டவன்தான் எடுக்க வேண்டும். செருப்பு கிடக்கிறது என்றால் ஆள் இன்னும் வர வேண்டியிருக்கிறது. போனவன் வரவே இல்லை என்றால் என்றைக்காவது அவன் வீட்டுக்காரி போய் அதைக் கையில் எடுப்பாள். அவள் எடுத்த பிறகுதான் ஊர் வாய்விட்டு அழும்.

இதை முதலில் சொல்லாமல் ஏடன் சண்டையைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. கடற்படை அதிகாரிக்கே விளங்கவில்லை.

வள்ளத்தில் தொடங்கிய மனிதர், தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்தார். பிறகு எங்கள் வ.உ.சி. துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துக் கட்டுகிற டக் படகில் செராங்கு ஆனார். டக்குக்கு அவர்தான் தலைவர். நானும் அதே துறைமுகத்தில்தான் பிழைக்கிறேன், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில். "ஜெரால்டு கடல ஜன்னல் வழியா பாக்கவன்" என்று சபையில் வைத்து என் மானத்தை வாங்குவார். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும். கயிற்றை ஒருவன் தப்பாகச் சுற்றிவிட்டால் அவன் பாட்டன் வரைக்கும் போய்விட்டு வருவார்.

2013-ல் யேமன் நாட்டு ஏடன் துறைமுகத்துக்கு டக் ஓட்ட ஆள் கேட்டார்கள். அக்காள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். போகிற போக்கில் மாரிச்செல்வத்தையும் இழுத்துக்கொண்டு போனார்.

மாரிச்செல்வம் இஞ்சின் டிரைவர். ஏரல் பக்கம், தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். சேற்றில் வெறுங்காலோடு வளர்ந்தவன், இஞ்சின் ரூமில் கால் வெந்துபோகும் என்று முனையில் இரும்பு வைத்த ஷூ போட ஆரம்பித்தான். போட்டவன் அதன்பிறகு கழற்றுவதாக இல்லை. இங்கேதான் வினை. படகுத்துறை ஜெட்டியிலிருந்து டக்குக்கு லைன் போட்டில் போக வேண்டும். கப்பலின் கயிற்றைக் கரைக்கு இழுத்துவருகிற சின்னப் படகுதான் லைன் போட். அத்தானுக்கு அது வள்ளத்துக்குச் சமம். மாரிச்செல்வம் ஷூவோடு ஏறுவான். அத்தான் ஒரு வாளித் தண்ணீரை மோந்து அந்த ஷூவின் மேலேயே ஊற்றுவார். இவன் நனைந்த ஷூவோடு டக்கில் ஏறி இஞ்சின் சூட்டில் காயவைப்பான். இரண்டு வருஷம் தினமும் இந்தக் கூத்துதான்.

"அண்ணாச்சி, இது பைபர் போட்டு. இதுக்கு என்ன தெரியும்?"

"உனக்குத்தான் ஒண்ணும் தெரியல. அதுக்குத் தெரியும்."

அந்த ஜெட்டியில் கயிறு பிடிக்கிற வேலை பார்த்தவர் சாலிம். ஏடன்காரர், எங்கள் ஆட்களைப் போலவே கைலி கட்டுகிறவர், துறைமுகத்து இந்தி கொஞ்சம் பேசுவார். அத்தான் போன புதிதில், வெயிலில் காய்கிறதே என்று அந்த நீல வார் செருப்பை எடுத்துத் தன் அறைக்குள் வைத்துவிட்டார். திரும்பி வந்த அத்தான் கயிறு கட்டும் இரும்புக் குற்றியைச் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, சாலிமைப் பிடித்து வைத்து முக்கால் மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறார். பாதித் தமிழ், கால் இந்தி, மீதி கை ஜாடை. விட்டவன்தான் எடுக்கணும், வேறு எவனும் தொடக்கூடாது, கிடக்கிற வரைக்கும் ஆள் வருவான். சாலிம் சிரித்துக்கொண்டே நெஞ்சில் கை வைத்தாராம். அதற்குப் பிறகு அந்தச் செருப்புப் பக்கம் அவர் நிழல்கூடப் படவில்லை.

பிறகு 2015 மார்ச் மாதம் சண்டை வந்தது.

ஏடன் என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கரும்பாறை. பழைய ஊர் எரிமலை வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறது, கிரேட்டர் என்று அதற்குப் பெயர். சாலிமின் குடும்பம் அங்கேதான். பாறையின் மேற்குக் கோடியில் துறைமுகம். மொத்தத்தையும் நாட்டோடு சேர்த்துவைக்கிறது ஒரு ஒடுக்கமான மணல்திட்டு, அதில்தான் விமான நிலையம். வடக்கிலிருந்து இறங்கிவந்த படை முதலில் அந்தக் கழுத்தைத்தான் பிடித்தது. ஏடன் ஊர்க்காரர்கள் கிடைத்த துப்பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். மேலே வெளிநாட்டு விமானங்கள். விமான நிலையம் ஒரு நாள் இவர்கள் கையில், மறுநாள் அவர்கள் கையில். அங்கிருந்து சண்டை முஅல்லா நெடுந்தெருவுக்கு வந்தது, மாடிக்கு மாடி சுட்டார்கள். ஒவ்வொரு நாளும் சத்தம் துறைமுகத்தை நோக்கி ஒரு தெரு நகர்ந்து வந்தது. ஒரே பள்ளியில் படித்தவர்கள் எதிரெதிர் மாடியில் நின்று சுட்டார்கள் என்று சாலிம் சொல்லி அழுதிருக்கிறார்.

இங்கே டிவியில் ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வரைபடத்தில் அம்பு அம்பாகப் போட்டார். எனக்கு அந்த ஆளைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அம்பு முனையில் என் அத்தான் இருக்கிறார் ஐயா. அக்காள் டிவி முன்னால் உட்காரவில்லை. மாதா கோயிலுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். இடையில் ஒரே ஒரு முறை போன் வந்தது. "வந்துருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். "கப்பல் வருதாம், வந்துருதேன்" என்றார். அதோடு லைன் அறுந்துபோனது.

கப்பல் வந்தது. நம் கடற்படைக் கப்பல். ஆனால் குண்டு விழுகிற துறைமுகத்துக்குள் வர வழியில்லாமல் வெளியே ஆழத்தில் நின்றுகொண்டது. இந்தியர்கள் எல்லோரும் ஜெட்டிக்கு வரட்டும், சின்னப் படகுகளில் கொண்டுவந்து ஏற்றுங்கள் என்றார்கள். டக் கம்பெனி முதலாளி அதற்கு முன்பே குடும்பத்தோடு கம்பி நீட்டிவிட்டிருந்தார். லைன் போட்டின் சாவி அத்தான் இடுப்பில் இருந்தது. வேறு யாரைக் கேட்க வேண்டும்?

ஜெட்டியில் ஜனம் குவிந்தது. நர்சுகள், கட்டட வேலைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள். பின்னால் கிடங்குத் தெருவில் துப்பாக்கிச் சத்தம். அத்தான் படகைக் கொண்டுவந்து ஒட்டினார். சாலிம் கயிற்றைப் பிடித்தார். முதல் ஆள் காலைத் தூக்கிப் படகில் வைக்கப் போகும்போது இந்த மனிதர் கத்தியிருக்கிறார்.

"செருப்பக் கழட்டு."

மாரிச்செல்வத்துக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "அண்ணாச்சி, குண்டு விழுது. இப்பமா செருப்பு?"

"கழட்டுனாத்தான் ஏறணும். அங்கன போட்டுட்டு ஏறச் சொல்லு."

எனக்கே இதைக் கேட்டபோது கோபம் வந்தது. உயிர் போகிற நேரத்தில் ஆசாரமா? அதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவ்வளவு பேருக்கும் நடுக்கம். ஏதாவது ஒண்ணச் சொல்லிச் செய்யச் சொன்னா, தள்ளாம நின்னு செய்வான்." உண்மையாகவே அப்படி நினைத்தாரா, பிற்பாடு கண்டுபிடித்த பதிலா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஜனம் குனிந்து கழற்றியது. கழற்றியவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். ஜெட்டி முழுக்கச் செருப்பு, ஷூ, குதிகால் வைத்தது, குழந்தைகளுடையது. இரும்புக் குற்றியின் அடியில் மட்டும் எப்போதும்போல அந்த நீல வார் செருப்பு தனியாக. மாரிச்செல்வம் மட்டும் ஷூவைக் கழற்றவில்லை. அவன் அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில் நின்று கையைக் கொடுத்து ஏற்றினான்.

போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். பகல் முழுக்க இதுதான். கப்பலிலிருந்து தொங்கிய கயிற்று ஏணியில் ஜனம் வெறுங்காலோடு ஏறியது. திரும்பும்போது குண்டு பட்டுப் படகைச் சுற்றித் தண்ணீர் எகிறும். ஒரு குண்டு விழுந்து இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். "இனிமே உன் ஷூவுக்கு நான் ஊத்த வேண்டாம்லே" என்று அத்தான் சிரித்திருக்கிறார். பயம் இல்லையா என்று கேட்டேன். "பயம் இருந்துச்சு. ஆனா கை ஓடிட்டு இருந்துச்சுல்லா" என்றார். அவர் கண் மின்னியது. அந்த நாளைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனிதர் உட்கார்ந்து சொன்னதே கிடையாது.

சாயங்காலம் கப்பலில் சொல்லிவிட்டார்கள், அடுத்ததுதான் கடைசி நடை, நீங்களும் ஏறிவிடுங்கள் என்று.

கடைசி நடைக்கு வந்தபோது ஜெட்டியில் இருந்தவர்களில் நடக்க முடியாத பெரியவர் ஒருவர் இருந்தார். மாரிச்செல்வம் கரையில் குதித்து அவரைத் தூக்கிவந்து ஏற்றினான். அவருடைய மகள் இன்னும் கிடங்குச் சுவர் ஓரத்தில் உறைந்துபோய் நின்றாள். அவளையும் இழுத்துவந்து படகுக்குள் தள்ளினான். அந்த நொடியில் கிடங்குக் கூரைமேல் குண்டு விழுந்தது. ஒரே புகை. படகு பாரத்தில் விளிம்பு வரை தாழ்ந்துவிட்டது. சாலிம் கயிற்றை அவிழ்த்து எறிந்து, போ போ என்று கத்தினார். அத்தான் பின்பக்கம் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஜனம் நெருக்கியடித்து நின்றது. மாரிச்செல்வம் வழக்கம்போல அணியத்துக்குத் தாவியிருப்பான் என்று நினைத்து இஞ்சினை முடுக்கினார்.

படகைக் கப்பலோடு ஒட்டினார். ஏணியில் ஒவ்வொருவராக ஏறினார்கள். படகு காலியாகக் காலியாக அணியம் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.

மேலேயிருந்து அதிகாரி, ஏறு, சீக்கிரம் ஏறு என்று இந்தியில் சொன்னார். அத்தான் அசையவில்லை. அவருக்கு வாயில் இந்தி வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"சார், செருப்பு கரையில கிடக்கு."

அதை அரைகுறை இந்தியில் திருப்பிச் சொன்னார். அதிகாரி அவரை ஒரு மாதிரி பார்த்தார். பாவம், அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். "மும்பை போனதும் புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன், மேலே வா" என்றார். அத்தான் மறுபடியும் அதையே சொன்னார். ஏணி அருகே குளச்சல்காரன் ஒருவன் மாலுமியாக நின்றான். அவனும் கடற்கரையில் பிறந்தவன்தானே, விட்டதை எடுக்கத் திரும்பிப் போக வேண்டும் என்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது. அவன் முகம் மாறியது. அதிகாரியிடம் திரும்பி, "சார், இவரோட ஆள் ஒருத்தர் கரையில மாட்டிக்கிட்டார்" என்று இந்தியில் சொன்னான்.

அதிகாரி கரையைப் பார்த்தார். ஜெட்டிக்குள் துப்பாக்கி பூட்டிய வண்டிகள் வந்துவிட்டிருந்தன. "போ என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். பிறகு, "நங்கூரம் எடுக்க எங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அத்தான் படகைத் திருப்பினார். ஜெட்டியை நெருங்கும்போது இஞ்சின் சத்தத்தைக் குறைத்தார். இரண்டு வண்டிகள், ஏழெட்டு ஆட்கள், கையில் துப்பாக்கி. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, துப்பாக்கிக்கு அது தெரியவா போகிறது? சாலிம் குற்றியின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாரிச்செல்வத்தைக் காணவில்லை. பிடித்துவிட்டார்களா, சுட்டுவிட்டார்களா? பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது.

அப்போது கண்ணில் பட்டது. குற்றியின் அடியில், நீல வார் செருப்புக்குப் பக்கத்தில், மாரிச்செல்வத்தின் ஷூ. இரண்டும் சேர்த்து, நாடாவை உள்ளே செருகி, முனை கடலைப் பார்க்கும்படி வைத்திருந்தது.

இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கழற்றாதவன் கழற்றியிருக்கிறான். கழற்றி, அத்தான் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். கரையில் செருப்பு கிடந்தால் ஆள் எங்கே?

அத்தான் கரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தார். படகை நேரே ஜெட்டிக்கு அடியில், தூண்களுக்கு நடுவில் விட்டார். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மெதுவா அண்ணாச்சி, மண்டையில இடிச்சிராதிய."

கழுத்து வரை தண்ணீரில் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு நீச்சல் ஆற்று நீச்சல். அத்தான் அவன் சட்டையைப் பிடித்துப் படகுக்குள் தூக்கிப் போட்டார். இந்த மனிதர் அப்போது கேட்டது என்ன தெரியுமா? "ஒருவழியா கழட்டிட்டியாலே" என்று.

"பின்ன? உமக்கு வேற என்ன பாஷை தெரியும்?" என்றான் அவன்.

வெளியே வந்ததும் மேலே நின்றவர்கள் பார்த்துவிட்டார்கள். சுட்டார்கள். அணியத்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் பீறிட்டது. மாரிச்செல்வம் சட்டையைக் கழற்றி அதில் அடைத்து, காலால் மிதித்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் சாலிம் எழுந்தார். இரண்டு கையையும் விரித்துத் துப்பாக்கிகளுக்கும் படகுக்கும் குறுக்கே நின்று அரபியில் கத்தினார். மீன்காரர்கள், மீன்காரர்கள், விடு என்று. சூடு நின்றது. அத்தான் படகை நிறுத்தி, "சாலிம், வா, குதி" என்று கூப்பிட்டார். சாலிம் தலையை ஆட்டினார். பாறைக்கு அந்தப் பக்கம், கிரேட்டர் இருக்கிற திசையைக் கை காட்டினார். அங்கே அவர் பெண்டாட்டி பிள்ளைகள். பிறகு குற்றிக்கு அடியில் கிடந்த செருப்பைக் காட்டி நெஞ்சில் கை வைத்தார். ஒருவன் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அதற்குமேல் புகையில் ஒன்றும் தெரியவில்லை.

தூத்துக்குடி ரயில் நிலையத்தில் நானும் அக்காளும் நின்றோம். ரயிலிலிருந்து இறங்கினார். மும்பையில் கொடுத்த புதுச் சட்டை, தலை சீவியிருந்தது. கால் மட்டும் வெறும் கால். கொடுத்த செருப்பை வேண்டாம் என்றிருக்கிறார். நான் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தேன். அக்காள் அவர் காலையே பார்த்தாள்.

"செருப்பு எங்க?"

"கரையில கிடக்கு."

அக்காள் அதிகாரியைப்போலப் புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு?" என்றாள்.

"சாலிம்" என்றார். அப்போதுதான் அவர் அழுதார்.

பிறகு ஊர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார், வேலைக்குப் போனார், சண்டை போட்டார், எல்லாம் பழையபடிதான். ஆனால் டிவியில் ஏடன் என்று காதில் விழுந்தால் சோற்றில் வைத்த கை நின்றுவிடும். அந்த ஊர் பிறகும் கைமாறிக் கைமாறி அடிபட்டது. சாலிமின் நம்பர் அடித்தால் மணியே அடிக்காது. வருஷங்கள் போயின. இறந்திருப்பார் என்று நான் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "எவ எடுத்தா செருப்ப?" என்று என் மேல் பாய்ந்தார்.

போன வருஷம், மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம். மத்தியானச் சாப்பாடு. அத்தான் போனில் வீடியோ கால். மாரிச்செல்வம். அவன் மறுபடி கடலுக்குப் போய், ஒரு சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலை பார்க்கிறான்.

"அண்ணாச்சி, எங்க நிக்கேன் தெரியுதா?"

பின்னால் கரும்பாறை. அத்தான் எழுந்துவிட்டார், சோற்றுக் கையோடு. அவன் போனைத் திருப்பினான். பாதி இடிந்த ஜெட்டி. இரும்புக் குற்றி. அதன் அடியில் ஒரு பழைய இரும்புப் பெட்டியைக் கவிழ்த்து மேலே கல் வைத்திருந்தது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் குனிந்து, கல்லை எடுத்து, பெட்டியைத் தூக்கினார். அடியில் நீல வார் செருப்பு. வெளுத்து, ஒரு பக்கம் வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு சோடி ஷூ.

தாடிக்காரர் போனைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

அத்தானும் சோற்றுக் கையை நெஞ்சில் வைத்தார். அக்காள் போனைப் பிடுங்கினாள். "ஏலே மாரி, அவுகளுக்கு நாங்க கும்பிட்டோம்னு சொல்லு. அந்தச் செருப்ப நீ வாங்கிட்டு வந்துருலே."

"நானும் கேட்டுட்டேன் மயினி. எஞ் சோடிய எடுத்துக்கிடச் சொல்லுதாரு. அண்ணாச்சி சோடியத் தரமாட்டேங்காரு. தொடவே விடல." மாரிச்செல்வம் சிரித்தான், சிரிப்பு பாதியில் உடைந்தது. "விட்டவன்தான் எடுக்கணுமாம்."

சாலிம் பெட்டியைத் திரும்பவும் கவிழ்த்து, கல்லை அதே இடத்தில் வைத்தார்.

அத்தான் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காள் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அன்றைக்கு ஏடனுக்குப் போகக்கூடாது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், உள்ளே போய் அலமாரியைத் திறந்து எதையோ குடைந்தாள். பிறகு அங்கிருந்தே கேட்டாள்.

"பாஸ்போர்ட்ட எங்க வச்சிருக்கிய?"